தம்பி மகன்மேல் இவ்வளவு பாசம் வருமா? ஓர் அத்தைக்கு எழுதிய பதில்

கேள்வி இதுதான்: "என் தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. எனக்குக் குழந்தைகள் இல்லை. அவனை முதன்முதலில் கையில் வாங்கியதிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. ராத்திரி அவனுக்கு மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். பெற்றவளுக்குத்தானே இப்படி இருக்கும்? எனக்கு ஏன்? தம்பி மனைவி ஏதாவது நினைத்துக்கொள்வாளோ என்று பயமாகவும் இருக்கிறது. இன்னும் பத்து நாளில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அவன் என்னை மறந்துவிடுவானா?"

உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் இருபத்திரண்டு வருடம் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள். அந்தக் கண்ணாடிக்கு வெளியே, பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக அதிக நேரம் நின்றவர்கள் யார் என்று கேட்டால், அத்தைகளும் சித்திகளும்தான் என்பேன். ஒருமுறை ஓர் அத்தை, குழந்தை பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், இவனுக்கு இடது கால்ல ரெண்டாவது விரல் கட்டை விரலைவிட நீளம், கவனிச்சீங்களா? எங்க அப்பாவுக்கும் அப்படித்தான்" என்றாள். அவனைத் துடைத்து, எடை பார்த்து, காலில் அடையாளப் பட்டை கட்டியவள் நான். நான் கவனித்திருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கவனித்திருந்தாள்.

ஆகவே 'பெற்றவளுக்குத்தானே' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: இல்லை, பெற்றவளுக்கு மட்டும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் அப்பாவின் அக்காவுக்கும் அம்மாவின் தங்கைக்கும் ஒரே சொல். தமிழில் இருவரையும் ஒன்றாகக் குறிக்கும் சொல் வழக்கில் இல்லை. அம்மாவுடன் பிறந்தவள் பெரியம்மா, சின்னம்மா. அவளுக்கு அந்தக் குழந்தை மகனேதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. அப்பாவுடன் பிறந்தவள் அத்தை. அவளுக்கு அவன் மருமகன், அந்தச் சொல்லுக்குள்ளும் மகன் இருக்கிறான். 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க அறிஞர் உலகின் பல மக்களுடைய உறவுப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். அப்போது தமிழும், வட அமெரிக்கப் பூர்வகுடிகளான இரோகுவா மக்களின் மொழியும் இந்த விஷயத்தில் அவ்வளவு ஒத்துப்போவதை எடுத்துக்காட்டினார். அவர்களும் அம்மாவின் சகோதரியை அம்மா என்றுதான் அழைத்தார்கள். ஒருவரை ஒருவர் கண்ணால்கூடப் பார்த்திராத இரண்டு மக்கள், குழந்தையைச் சுற்றி நிற்கும் பெண்களை ஒரே மாதிரி பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

உயிரியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் மரபணுவில் சராசரியாகப் பாதி பொது. அவனுடைய மகனுக்கும் உங்களுக்கும் சராசரியாகக் கால் பங்கு. நெருங்கிய உறவைக் காப்பதும் தன் வழியைக் காப்பதுதான் என்று 1964இல் வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் கணக்குப் போட்டே காட்டினார். சரியான கணக்குதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. தத்தெடுத்து வந்த குழந்தையைப் பார்க்க ஓடி வரும் அத்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு பங்கும் பொது இல்லை, பாசத்திலோ எந்தக் குறையும் இல்லை.

எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுவது சாரா ஹர்டி என்ற மானுடவியலாளர் சொல்வது. சிம்பன்ஸித் தாய் தன் குட்டியைப் பல மாதங்கள் வேறு யார் கையிலும் விடாது. மனிதத் தாய் பிறந்த அன்றே குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுக்கிறாள். காங்கோவின் இட்டூரிக் காட்டில் வாழும் எஃபே மக்களிடம், பிறந்த நாளிலிருந்தே குழந்தை பல பெண்களின் கைகளில் மாறி மாறி வளர்வதை ஆய்வாளர்கள் கூடவே இருந்து பதிவு செய்திருக்கிறார்கள். மனிதக் குழந்தை வளர ஏகப்பட்ட வருடங்கள் பிடிக்கிறது. ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை. பல கைகள் சேர்ந்து வளர்த்ததால்தான் மனித இனமே இப்படி ஆனது என்பது ஹர்டியின் வாதம். அந்தக் கைகளில் ஒன்று உங்களுடையது. அதாவது, நீங்கள் ஆச்சரியப்படுகிற இந்தத் தவிப்பு மனிதர்கள் தோன்றிய காலத்திலிருந்தே குழந்தைக்குத் தேவைப்பட்டு வந்திருக்கிறது.

மூளைக்குள்ளேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். பெரிய நெற்றி, உருண்டைக் கன்னம், முகத்துக்கு மீறிய கண்கள். இந்த அமைப்பைப் பார்த்ததும் நமக்குக் காக்கத் தோன்றுகிறது என்று 1943இலேயே கான்ராட் லோரென்ஸ் என்ற விலங்கியலாளர் எழுதினார். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தை பெறாத பெண்களுக்கு அப்படிப்பட்ட குழந்தை முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். குழந்தைத்தன்மை கூடக் கூட, ஆசையையும் இன்பத்தையும் தூண்டுகிற பகுதி அதிகமாக வேலை செய்தது. கவனியுங்கள், பெறாத பெண்கள்.

வாசனை விஷயம் இன்னும் அழகு. உச்சந்தலையில் மூக்கை வைத்தால் எழுந்திருக்கவே மனம் வராது, இல்லையா? 2013இல் முப்பது பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பதினைந்து பேர் புதிதாகக் குழந்தை பெற்றவர்கள், பதினைந்து பேர் பெறாதவர்கள். பிறந்து இரண்டே நாளான, முன்பின் தெரியாத குழந்தைகளின் உடையிலிருந்து வந்த வாசனையை முகரச் செய்தார்கள். இரு தரப்பினருக்கும் மூளையின் அதே பகுதி விழித்துக்கொண்டது. தாய்மாருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், தூக்கத் தூக்கத்தான் பாசம் ஊறுகிறது. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், குழந்தையைத் தாங்களே முழுப்பொறுப்பாக வளர்த்த அப்பாக்களின் மூளையைப் பார்த்தார்கள். ஆபத்தை முந்தி உணர்கிற பகுதி அவர்களிடம் தாய்மாருக்கு நிகராக வேலை செய்தது. குழந்தையை எவ்வளவு நேரம் கவனித்துக்கொண்டார்களோ அதற்கேற்ப மூளையின் இணைப்புகளும் வலுத்திருந்தன. பிரசவம் ஒரு வாசல். கவனிப்பு இன்னொரு வாசல். நீங்கள் அந்த இரண்டாவது வாசல் வழியே உள்ளே போய்விட்டீர்கள்.

(இதைப் படிக்கிற வேறு அத்தைகள் யாருக்காவது பார்த்ததும் எதுவும் தோன்றாமல் இருந்தால் கவலை வேண்டாம். பெற்ற தாய்க்கே சில சமயம் நாள் பிடிக்கும். தூக்குங்கள், துணி மாற்றுங்கள், வரும்.)

ஒரு பழைய கதையும் நினைவுக்கு வருகிறது. சித்தார்த்தன் பிறந்து ஏழாம் நாள் அவனுடைய தாய் மாயா இறந்துபோனாள் என்பது பௌத்த மரபு. பாலூட்டி வளர்த்தவள் மாயாவின் சகோதரி மகா பிரஜாபதி கௌதமி. பல பத்தாண்டுகள் கழித்து, பெண்களையும் துறவியர் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டபோது புத்தர் மூன்று முறை மறுத்தார். கால் வீங்க, உடம்பெல்லாம் புழுதியோடு நடந்து வந்து வாசலில் நின்றவளுக்காகப் புத்தரின் சீடர் ஆனந்தர் பரிந்து பேசினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று இது: தாய் இறந்தபோது தங்களுக்குப் பாலூட்டியவள் இவள். புத்தர் இசைந்தார், அவள் முதல் பிக்குணி, அதாவது முதல் பெண் துறவி ஆனாள். எத்தனையோ தத்துவ வாதங்கள் நடந்த இடத்தில், ஒரு சிற்றன்னை பச்சைக் குழந்தைக்குச் செய்ததும் ஒரு வாதமாக எழுந்து நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சரி, மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி நீங்கள் எழுந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வயதில் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது வரை வேகமாக விடும், திடீரென்று ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்தும், பிறகு மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியில் பார்க்கிறவளின் மூச்சும் நின்றுவிடும். இது இயல்பு. இருபது விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடும் முகமும் நீலம் பாய்ந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது தெரிந்துவிட்டால் நீங்கள் கொஞ்சம் தூங்கலாம். அவனை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். தட்டையான, கொஞ்சம் கெட்டியான படுக்கை, பக்கத்தில் தலையணையோ பொம்மையோ தளர்வான போர்வையோ கூடாது. 1990களில் பல நாடுகள் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேர்கிற சாவுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அவனை மார்பில் போட்டுக்கொண்டு சோஃபாவில் கண்ணயராதீர்கள். அதைவிடச் சுகமான இடம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பச்சைக் குழந்தைக்கு மிக ஆபத்தான இடங்களில் அது ஒன்று.

முத்தம். இதுவும் வலிக்கத்தான் செய்யும். உதட்டோரம் கொப்புளம் வந்திருந்தால் அது முழுதாக ஆறும்வரை பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். நமக்கு நாலு நாள் எரிச்சல் தருகிற அந்த வைரஸ் பச்சைக் குழந்தையின் உயிரையே எடுக்கக்கூடியது. கொப்புளம் இல்லாவிட்டாலும் உதடு, முகம், கை விரல் வேண்டாம். விரலை அவன் வாயில் வைத்துக்கொள்வான். பாதத்தில் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியை நீங்கள் போட்டுக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், எனவே அடுத்த முறை வருவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. அவனுக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது அவசரம்.

'தூக்கித் தூக்கிப் பழக்காதே, கை கண்டுகொள்வான்' என்று யாராவது சொல்வார்கள். இந்த வயதில் அப்படிக் கெட்டுப்போகிற குழந்தை கிடையாது. ஒன்பது மாதம் ஒரு நொடிகூட இறக்கி வைக்கப்படாமல் இருந்தவன் அவன். தலையைத் தாங்கிக்கொண்டு தாராளமாகத் தூக்குங்கள்.

இனி தம்பி மனைவி விஷயம். உங்கள் கேள்வியில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். இங்கே எனக்குத் தெரிந்ததைப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை.

என் தம்பி மகன் பிறந்தபோது எனக்கு வேலையில் பதினொரு வருட அனுபவம். நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தூக்கியவள். அவனைக் கையில் வாங்கினபோது மட்டும் என் முழங்கை நடுங்கியது. அவனுடைய வலது காது மேல்பக்கம் மடிந்து தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஓரத்தில் பூனைமுடி. விக்கல் எடுத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு விக்கலுக்கும் அவன் உடம்பு முழுவதும் ஒரு முறை குலுங்கி அடங்கியதை என் உள்ளங்கையால் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. அந்த ஏழு விக்கலுக்குள் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, சாயங்காலம் அவன் வீறிட்டு அழுதான். அவள் மடியில் வைத்துக்கொண்டு பால் கொடுக்கப் பார்க்கிறாள், அவன் பிடிக்க மாட்டேன் என்கிறான், தலையைத் திருப்பித் திருப்பி முட்டுகிறான். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. நான் போய், ஒரு வார்த்தை கேட்காமல், அவனை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். தோளில் போட்டு, முதுகில் தட்டி, காதருகே 'ஷ்ஷ்' என்று சொல்லிக்கொண்டே நாலு எட்டு நடந்தேன். அடங்கிவிட்டான். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் கொக்கியைக்கூட இன்னும் போடவில்லை.

அவளுக்கு நான் உதவி செய்ததாக நினைத்திருந்தேன். அவளுக்குக் கேட்டது வேறு: உன்னால் முடியவில்லை, என்னால் முடிந்தது. அந்த வீட்டில் பத்து நாளாக அவள் கற்றுக்கொண்டிருந்ததை நான் நாலு எட்டில் பிடுங்கிக்கொண்டேன். பச்சை உடம்பு, தையல் வலி, தூக்கம் இல்லாத கண், மாறிக்கொண்டிருக்கிற ஹார்மோன்கள். இதற்கெல்லாம் மேலே, நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே மாதிரி அழுதான். நான் அவனைத் தொடவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையை வைத்தேன். கால் வைத்துக்கொள்ள ஒரு முக்காலி எடுத்துப் போட்டேன். விளக்கைக் குறைத்தேன். "அவசரம் இல்லை, அவன் அழட்டும், நீ சாய்ந்துக்கோ" என்றேன். அவள் தோள் இறங்கியது. மூன்று நான்கு நிமிடம் ஆனது. அப்புறம் அவன் வாயைப் பெரிதாகத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. அன்று நான் அவனைத் தூக்கவே இல்லை. அவனுக்காக நான் செய்தவற்றில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

நீங்கள் அவன்மேல் வைத்திருக்கிற பாசம் இப்போதைக்கு அவளைத் தாங்குகிற வழியாகத்தான் அவனுக்குச் சரியாகப் போய்ச் சேரும். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுக்கிறாள். அதாவது ஒரு முறை முடித்து நிமிர்வதற்குள் அடுத்தது. அவளுக்குத் தண்ணீர் கொண்டு போய் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். துணிகளைத் துவையுங்கள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்புங்கள். பால் குடித்து முடித்தவனை வாங்கிக்கொண்டு ஏப்பம் விடவைத்து, "நான் வைத்திருக்கிறேன், நீ ஒன்றரை மணி நேரம் தூங்கு, பசித்தால் எழுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். அது உங்கள் நேரம். யாருக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் அவன் முழுக்க உங்களிடம் இருப்பான்.

தூக்குவதற்கு முன் அவளைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும். "நான் எடுத்துக்கட்டுமா?" இரண்டே சொல்தான். அவன் அழுதால் அவளிடம் கொடுத்துவிடுங்கள், 'என்கிட்ட இருக்கட்டும்' என்று மல்லுக்கட்டாதீர்கள். 'எங்கள் வீட்டுச் சாயல்' என்று சொல்ல ஆசையாக இருக்கும், சொல்லுங்கள், கூடவே அவளுடைய சாயல் எங்கே தெரிகிறது என்றும் தேடிச் சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் அவளைக் கேட்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவள் ஏதாவது நினைத்துக்கொள்வாளோ என்று நீங்கள் பயப்படுவதே எனக்கு நம்பிக்கை தருகிறது. நான் அன்று அந்தப் பயம் இல்லாமல் இருந்தேன்.

இன்னொன்றையும் பாருங்கள், நீங்கள் அருகில் இருப்பதால் உங்கள் கண்ணில்தான் படும். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது பெரும்பாலான தாய்மாருக்கு வருவதுதான், தானாகவே போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், எதிலும் பிடிப்பில்லாமல் வெறித்துக்கொண்டிருந்தால், 'நான் இல்லாவிட்டால் இவனுக்கு நல்லது' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பத்தில் ஒரு தாய்க்கு மேல் வருகிறது. 'எல்லாரும் பெத்துக்கலையா' என்று சொல்லிவிடாதீர்கள். தம்பியிடம் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கடைசியாகச் சொன்ன மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே போங்கள், அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள். குணமாகிற நோய் அது.

'எனக்குக் குழந்தைகள் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தவராக இருக்கலாம், வேண்டி வேண்டிக் காத்திருந்தவராகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால், அவனைத் தூக்கும்போது நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருந்திருக்கும். அவனைப் பார்த்த சந்தோஷமும் அந்த அடைப்பும் ஒரே நிமிடத்தில் வரும். அது பொறாமை என்று நினைத்து உங்களையே நீங்கள் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு துக்கம் ஏற்கெனவே அங்கே இருந்தது, ஒரு குழந்தை வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே சிரித்துக்கொண்டே நின்றுவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுநாளும் வந்தார்கள். அழ வேண்டியதை நம்பிக்கையான ஒருவரிடம் அழுதுவிடுங்கள், அவன் தலைமாட்டில் வைத்து வேண்டாம். அந்த இடத்தை நிரப்புகிற வேலை அவனுக்கு வேண்டாம். அவன் உங்கள் மருமகனாக மட்டும் வளரட்டும். அவனுக்கு அதுவே பெரிய இடம்.

கடைசிக் கேள்வி. மறந்துவிடுவானா?

இப்போது அவனுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் கண் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. நீங்கள் அவனை முழங்கையில் ஏந்திக் குனிந்தால் உங்கள் முகமும் அதே தூரத்தில்தான் இருக்கும். தாயின் குரலை அவன் முன்பே அறிவான். 1980இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், சப்புகிற வேகத்தை மாற்றினால் தாயின் குரல் கேட்கும் என்று கண்டுகொண்டு, அப்படியே மாற்றிச் சப்பி அந்தக் குரலைத் தேடிக் கேட்டன. வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல். உங்கள் குரல் அவனுக்கு இனிமேல்தான் பழக வேண்டும். எனவே இந்தப் பத்து நாளும் பேசுங்கள். என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், செய்தித்தாளைக்கூட வாசித்துக் காட்டுங்கள். ஊருக்குப் போனபின் போனிலும் பேசுங்கள், முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ என்றால் இன்னும் நல்லது.

நீங்கள் சுட்டுவிரலை நீட்டினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறானே, அது அனிச்சைச் செயல். ஐந்தாறு மாதத்தில் மறைந்துவிடும். தெரிந்தவள் நான், என் தம்பி மகன் பிடித்தபோது என்னாலும் விரலை இழுத்துக்கொள்ள முடியவில்லை. ஆறு வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும், அந்தச் சமயத்தில் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் அடிக்கடி போன் செய்யுங்கள். மூன்று நான்கு மாதத்தில் அழுகை குறையும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முகம் பார்த்துச் சிரிப்பான். அது அனிச்சை இல்லை, உங்களுக்கே உங்களுக்கான சிரிப்பு. எட்டு ஒன்பது மாதத்தில் நீங்கள் போய்க் கையை நீட்டினால் ஒருவேளை உதட்டைப் பிதுக்கி அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வான். மனம் உடைந்துபோகாதீர்கள். தன்னுடையவர்கள் யார், புதியவர் யார் என்று பிரித்தறிய அவன் கற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஒரு டப்பாவை மூடித் திறந்து விளையாடிக்கொண்டிருங்கள். தானே தவழ்ந்து வருவான்.

இந்த 12 நாளும், வரப்போகிற பத்து நாளும் அவனுக்கு நினைவில் இருக்காது. பெரியவர்கள் பெரும்பாலும் மூன்று மூன்றரை வயதுக்குப் பிந்தியதைத்தான் நினைவுகூர முடிகிறது. ஆனால் ஒரு வயது வரும், ஐந்தோ ஆறோ, அப்போது வந்து கேட்பான். என் தம்பி மகன் கேட்டான், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தி, "அத்தை, நான் பொறந்தப்ப எப்படி இருந்தேன்?" என்று. அவன் அம்மாவுக்கு அந்த நாட்களில் பாதிக்கு மேல் ஞாபகம் இல்லை, அவ்வளவு வலி, அவ்வளவு அசதி. நான் காது மடிந்திருந்ததைச் சொன்னேன், ஏழு விக்கலைச் சொன்னேன். எழுந்து போய்க் கண்ணாடியில் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். இன்றைக்கும் விக்கல் வந்தால் என்னைப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணுவான்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவன் தூங்குகிற இந்த நேரத்திலேயே எழுதத் தொடங்குங்கள். எந்தக் கையை முகத்தின்மேல் வைத்துத் தூங்குகிறான், கொட்டாவி விடும்போது புருவம் எப்படிப் போகிறது, தொப்புள்கொடி எந்த நாளில் விழுந்தது, உங்கள் கையில் முதன்முதலாகக் கொடுத்தது யார், அப்போது வெளியே வெயிலா மழையா, அவனுடைய அம்மா அன்று என்ன சொன்னாள். நாளையும் தேதியையும் மறக்காமல் போடுங்கள்.